தொடாத போட்டோ

மார்ச் 6

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. போனில் நீ என்னைத் தடுத்து வைத்து ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது, அதனால்தான் காகிதம். எழுத்து பூசணிக்காய் பூசணிக்காயாக இருப்பதற்குக் கோபம் காரணம் இல்லை. கோபம் இருக்கிறது, அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நோட்டுக் கோடு ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிகிறது. எதன் மேல் எழுதுவது என்று புரியாமல் நடுவில் எழுதுகிறேன்.

எனக்குக் கண்ணில் கோளாறு. வலது கண் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. இடது கண்ணும் அதற்குத் துணைக்குக் கிளம்பியிருக்கிறது. இமை முழுசாக மூடுவதில்லை. தூங்கி எழுந்தால் கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டுவிட்டுப் போன மாதிரி உறுத்துகிறது. போன மாதம் ஒரு தலைமையாசிரியருக்குப் பாஸ்போர்ட் சைஸ் எட்டு வெட்டிக் கொடுத்தேன். எட்டிலும் ஒரு காது இல்லை. மனுஷன் தன் காதை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், பேச்சில் என்னைவிடக் கறார். எப்போது ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும், பழைய போட்டோ கொண்டுவா என்றார். போட்டோவுக்கா எனக்குப் பஞ்சம்? மாதம் பிறந்தால் முதல் தேதி, கடை திறப்பதற்கு முன்னால் நானே ஸ்டூலில் உட்கார்ந்து, லைட்டும் பிரிண்டர் கலரும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரு படம் எடுத்து நோட்டில் ஒட்டுவேனே. நீ கடையில் இருந்த நாலு வருடமும் "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்ளோ ஒழுங்கா ஒட்ட மாட்டாங்க" என்று கிண்டல் செய்வாயே. அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "இப்படி மாசா மாசம் யாரும் கொண்டு வந்ததே இல்லீங்க" என்றார். பக்கம் திருப்பத் திருப்ப அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது.

நோட்டில் கடைசிப் படம் ஜனவரி ஒன்று. பிப்ரவரியில் தலைசுற்றல், எடுக்கவில்லை. ஜனவரிப் படத்தில் என் கண் பளிச்சென்று இருக்கிறது. போன ஜூனில் பழைய வட்டக் குடை லைட்டைத் தூக்கிவிட்டுச் சதுரப் பெட்டி லைட் வாங்கினேன். அதற்கப்புறம் எடுத்த படமெல்லாம் முன்னைவிட எடுப்பு. அப்படியானால் இரண்டே மாதத்தில்தான் கண் இந்தக் கதிக்கு வந்திருக்கிறது. "இவ்ளோ வேகமா வெளிய வர்றது நல்லதில்ல" என்றார் டாக்டர். கண்ணுக்குப் பின்னால் கட்டி ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ஸ்கேனும் ஆயிற்று.

"உங்க கடையில எடுத்தது இல்லாம, வெளிய யாராவது எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்டார். ஊரையெல்லாம் எடுப்பவள் நான், என்னை எவர் எடுத்தார்? நீ ஒருத்தன்தான் போனை நீட்டிக்கொண்டு திரிவாய். ஏதாவது இருந்தால் அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 12

கடிதம் கிடைத்தது.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எழுதுவதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண் சரியில்லை என்பது வருத்தம்தான். ஆனால் அதே கண்ணைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கலாம். நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பஸ் கண்டக்டர். நாளெல்லாம் நூறு பேரிடம் வாய் கொடுத்து வாய் வாங்குகிறவள், லேசில் யாருக்கும் பயப்படுகிறவள் இல்லை. நீ "வாங்க" என்று ஒரு சொல் சொன்னாய். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண் கொட்டாமல் அவளை முறைத்தாய். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை. பாதிச் சாப்பாட்டில் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். தெருவில் வைத்து என்னிடம் கேட்டாள்: "நான் என்ன தப்பு பண்ணேன்? உங்க அக்கா ஏன் என்னை அப்படிப் பார்க்கறாங்க?" மறுநாள் உன்னிடம் கேட்டேன். "நான் முறைக்கலையே" என்றாய், அதையும் முறைத்துக்கொண்டே சொன்னாய்.

உனக்குப் பதினெட்டு வயதானதிலிருந்து என்னை வளர்த்தவள் நீ. ஒரு வேளைச் சாப்பாட்டை அவளுக்கு நிம்மதியாகப் போட்டிருக்கலாம். அதனால்தான் கல்யாணத்துக்குச் சொல்லவில்லை, அதனால்தான் ஊரை விட்டு வந்தேன்.

போட்டோ ஒன்று இருக்கிறது. அன்றைக்கு மேஜையில் எடுத்ததுதான். அது உனக்குப் பிடிக்காது. அனுப்புவதாக இல்லை.

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறேன். இந்த ஊர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் மோட்டார் ரூமில் மற்றவர்கள் சூடு தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார்கள், நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நல்ல டாக்டராகப் பார்.


மார்ச் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றதால் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவ்வளவு பாடுபட்டுப் படித்ததற்கு நல்ல பரிசு கொடுத்தாய்.

நான் முறைக்கவில்லை. பத்தொன்பது மாதமாக அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகஸ்ட் வெயிலில் எனக்குக் குளிர் அடித்தது. தொண்டை கம்மிப்போய் யாரோ ஆம்பிளை பேசுகிற மாதிரி குரல். அந்தப் பெண் வகிடு எடுத்திருந்த நேர்த்தியைப் பார்த்து, 'இவளுக்கு லைட்டை இடது பக்கம் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், அள்ளிக்கொண்டு போகும்' என்று நினைத்தேன். அதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு ஒரு நினைப்பு வாய்க்கு வருவதற்குள் எதிரில் இருப்பவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு வாய்க்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

என்னை நம்பாமல் போனாய். சரி. கல்யாணத்துக்குச் சொல்லவில்லை. உனக்குக் கல்யாணம் ஆனதை எனக்கு யார் சொன்னார் தெரியுமா? பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. "தம்பி கல்யாணத்துக்கு நீங்க போட்டோ எடுக்கலையா?" என்று கேட்டாள். கேமரா ரிப்பேர் என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் நனைந்துவிடும், விடு.

ரத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், என்னுடையது வேலை நிறுத்தம் செய்துவிட்டது. டாக்டர் வார்த்தையில் சொன்னால், "சுத்தமா படுத்துடுச்சும்மா." என் உடம்பே அதை எதிரி என்று நினைத்து அடித்துப் போட்டிருக்கிறது. அடித்த கையோடு கண்ணுக்குப் பின்னால் இருக்கிற சதையையும் ஒரு கை பார்த்திருக்கிறது. சதை வீங்கி, கண்ணை முன்னால் தள்ளுகிறது. இதோடு இமை வீக்கம், புருவத்தின் வெளி ஓரம் கொட்டிப்போவது, குளிர், அசதி, மறதி, குரல் கட்டு எல்லாம் வரும் என்று அவர் சொல்லச் சொல்ல, யாரோ என்னைப் பின்தொடர்ந்து வேவு பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தைராய்டால் கண் இவ்வளவு வெளியே வர மாதக்கணக்கில் ஆகுமாம். என் நோட்டோ இரண்டே மாதம் என்கிறது. "தைராய்டு இருக்கு, அது சரி. ஆனா வலது கண்ணுக்குப் பின்னால வேற ஏதோ சேர்ந்து வேகமா வளருதோன்னு பயமா இருக்கு. ஸ்கேன்ல ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. திறந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடலாம்" என்கிறார். ஏப்ரல் 2-ஆம் தேதி நாள் குறித்தாயிற்று. அந்த இடத்தில் கத்தி வைத்தால் வலது கண் பார்வை போனாலும் போகலாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கேமராவில் நான் எந்தக் கண்ணை வைப்பேன் என்று உனக்குத் தெரியும்.

"இந்தப் போட்டோவுல டச்சப் எதுவும் பண்ணலையே?" என்றுகூடக் கேட்டார். லைட் பார்க்க எடுக்கிற படத்துக்கு எவளாவது கம்ப்யூட்டரில் டச்சப் செய்வாளா என்று சிரித்தேன்.

உன் போட்டோவை நீயே வைத்துக்கொள். அதில் நான் முறைத்துக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறேன்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். முதலில் உறைக்குள் இருக்கும் போட்டோக்களை எடு. படிப்பதற்கு முன்னால் அவற்றை டாக்டரிடம் கொண்டு போ. இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படி.

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

அந்த ஆகஸ்ட் போட்டோவை நான் பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. என் டூல்ஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். உன் ஞாபகம் வரும்போதெல்லாம், போன் எடுத்துப் பேசிவிடலாமா என்று மனசு இளகும்போதெல்லாம், பெட்டியைத் திறந்து உன் முறைப்பைப் பார்ப்பேன். பார்த்ததும் மனசு பழையபடி இறுகிவிடும். பத்தொன்பது மாதமாக அதற்குத்தான் அது பயன்பட்டது.

உன் கடிதத்தில் டாக்டர் சொன்னதைப் படித்ததும் பெட்டியைத் திறந்தேன். கண்டக்டரும் பக்கத்தில் இருந்தாள். நான் கோபத்தைத் தேடினேன், என்னால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணின் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறது. எந்த மனுஷனும் வேண்டுமென்றே அப்படி இமையைத் தூக்க முடியாது, நான் கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தேன். இமைக்குக் கீழே பை பையாக வீக்கம். புருவம் நடுவிலேயே நின்றுவிட்டது. ஆனால் உதடு, அக்கா. உதட்டில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். பத்தொன்பது மாதமாக ஒரு நாள்கூட நான் உன் உதட்டைப் பார்க்கவில்லை.

கண்டக்டர் வெகு நேரம் அந்தப் போட்டோவைக் கையில் வைத்திருந்தாள். "இவங்க என்னைப் பார்த்து சிரிச்சிட்டு இருந்திருக்காங்க. நான் சாப்பாட்டை வெச்சிட்டு எழுந்து வந்துட்டேன்" என்றாள். அதற்கப்புறம் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது இன்னும் மோசம். நீ சிரித்ததாக எழுதியிருந்தாயே, லைட் பார்க்கிற படத்துக்கு எவள் டச்சப் செய்வாள் என்று. நானும் அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்து, மூடின கண்ணுக்கு மேல் வேறு படத்துக் கண்ணை ஒட்டி, ஆயிரம் பேருக்குக் கண் திறந்துவிட்டவன். வாசல் ஷோகேஸில் மாதிரிக்கு வைப்பது அந்த முதல் தேதிப் படத்தைத்தானே? தொடாமல் ஒரு படத்தை உன்னால் ஷோகேஸில் வைக்க முடியுமா? உன் கை உன்னைக் கேட்டுக்கொண்டா செய்கிறது?

நோட்டை எடு. ஜூனுக்கு அப்புறம் சதுர லைட் என்று எழுதியிருந்தாய். சதுர லைட்டில் எடுத்தால் கண்மணிக்குள் சதுரமான வெளிச்சப் புள்ளி விழ வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார். அந்தப் படங்களில் வட்டமாக இருந்தால், அந்தக் கண் அந்தப் படத்துக் கண் இல்லை.

ஆகஸ்ட் படத்தோடு இன்னொன்றும் வைத்திருக்கிறேன். அதே வருடம் ஏப்ரலில், எனக்கு லிஃப்ட் லைசென்ஸ் வந்த அன்று கடை வாசலில் நாம் இருவரும். அதில் உன் கண் நன்றாக இருக்கிறது. தேதி பின்னால் எழுதியிருக்கிறேன். போனில் அனுப்பியிருக்கலாம். நீ அதையும் சரி செய்துவிடுவாயோ என்று பயம். இப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

மூன்றாவது போட்டோ கண்டக்டர் வைத்தது. போன வாரம் எங்கள் இருவரையும் அவள் டிப்போவில் எடுத்தார்கள். "அண்ணி நம்மளைப் பார்த்து எவ்ளோ நாளாச்சு" என்றாள். நான் தூங்கி வழிகிற மாதிரி இருப்பேன், கண்டுகொள்ளாதே. இங்கே வேலை அதிகம், மறதி வேறு. நேற்று ஸ்பேனரை லிஃப்ட் கூண்டின் மேலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். சூப்பர்வைசர் கத்தித் தீர்த்துவிட்டார்.

தேதி தள்ளிப்போனதா என்று உடனே எழுது. போனையும் திறந்துவிட்டேன்.

தம்பி


மார்ச் 29

தம்பி,

ஆப்பரேஷன் இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

நீ சொன்னபடியே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன். ஆனால் வீட்டில் கூரியரைப் பிரித்தபோது ஆகஸ்ட் படத்தைப் பார்த்துவிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பொம்பளை யார் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. உன் மாமியாராக இருக்குமோ என்று நினைத்தேன். பிறகுதான் சால்வை என்னுடையது என்று தெரிந்தது.

அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, தம்பி. கண்ணாடி பார்க்க மாட்டாயா என்று கேட்பாய். தலை வாரிப் பொட்டு வைக்கிற வரைக்கும் பார்ப்பேன். என்னமோ வித்தியாசமாக இருக்கிறதே என்று எப்போதாவது தோன்றினால் நோட்டைப் புரட்டுவேன். நோட்டில் நன்றாக இருப்பேன். கண்ணாடியை நம்பாமல் நோட்டை நம்பினேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜூலையிலிருந்து ஜனவரி வரை ஏழு படம். ஏழிலும் கண்ணுக்குள் வட்டம். பயந்துபோய்ப் பின்னால் பின்னால் போனேன். நீ ஊரை விட்டுப் போன வருடத்து மே மாதம்வரை இருபத்தொரு படம், இருபத்தொன்றிலும் ஒரே கண். ஒரே இடத்தில் ஒரே புள்ளி, இடது கண்ணில் ஒரே மெல்லிய நரம்பு. ஒவ்வொரு மாதமும் 'இன்றைக்குத் தூக்கமில்லை, இமை வீங்கியிருக்கிறது' என்று போன மாதக் கண்ணை எடுத்து இந்த மாத முகத்தில் வைத்திருக்கிறேன். செய்தது நினைவே இல்லை. கொஞ்சம்கூட இல்லை. நல்ல கண்ணைப் போட்டதும் பழையதை அழித்துவிடுவது என் வழக்கம், கம்ப்யூட்டரில் இடம் பத்தாது என்று. ஆக ஒன்றரை வருடமாக என் முகம் எப்படி இருந்தது என்பதற்கு இந்த வீட்டில் ஒரு அடையாளமும் இல்லை. உன் டூல்ஸ் பெட்டியில்தான் இருந்தது.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இந்தக் கண்ணை நம்பித்தானேம்மா நான் கத்தி எடுக்க இருந்தேன்" என்றார். திட்டினார், நன்றாகத் திட்டினார். பிறகு நீ அனுப்பிய இரண்டையும் வெளிச்சத்தில் வைத்து, அளவுகோல் வைத்து அளந்தார். ஏப்ரலில் இல்லை, ஆகஸ்டில் இருக்கிறது. மெல்ல மெல்லத்தான் வந்திருக்கிறது, எல்லாம் தைராய்டு வேலைதான், வேறு எதுவும் இல்லை என்று இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டி முடிவு செய்தார். "ரெண்டு வருஷம் ஆகல. வீக்கம் இன்னும் இறுகிப் போகல, மருந்து கேக்கும்" என்றார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் கை நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து. எல்லாமே திரும்பாது என்றும் சொல்லிவிட்டார். மேலே பார்த்தால் இரண்டு இரண்டாகத் தெரிவது அப்படியே நின்றாலும் நிற்கலாம். நிற்கட்டும். கண் இருக்கும்.

நீ அந்தப் போட்டோவை எதற்கு வைத்திருந்தாய் என்று படித்தபோது, பொய் சொல்லவில்லை, வலித்தது. பாசத்தில் வைத்திருந்தால் நீ அதில் என்னை அழகாக்கியிருப்பாய், நானே கற்றுக்கொடுத்த வித்தைதானே. வெறுத்ததால்தான் தொடாமல் வைத்திருந்தாய். என் கண்ணைக் காப்பாற்றியது உன் கோபம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தையல்காரம்மா கடைக்குப் போனேன். போன வருடம் அடையாள அட்டைக்கு அவளை எடுத்தபோது இமை வீங்கியிருந்தது. "என்னக்கா, ராத்திரியெல்லாம் அழுதீங்களா" என்று கேலி செய்து, இமைப் பையைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டுக் கொடுத்தேன். ரத்தம் சோதித்துவிடுங்கள் என்று இப்போது சொன்னேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றாள். இன்னும் எத்தனை பேர் முகத்திலிருந்து எதையெல்லாம் எடுத்தேனோ.

இனி முக்கியமானது. உட்கார்ந்துகொண்டு படி.

மூன்றாவது போட்டோ, உங்கள் டிப்போ போட்டோ. கண்டக்டர் நன்றாக இருக்கிறாள், அதே வகிடு. உன்னைப் பார்த்ததும் என் கை வழக்கம்போல கம்ப்யூட்டர் மவுஸைத் தேடியது. 'இமையைக் கொஞ்சம் இறக்கி, கண்ணுக்குக் கீழே சமன் செய்து, புருவத்தை வெளியே இழுத்து' என்று விரல் தானாகக் கணக்குப் போட்டது. அப்படியே கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் போட்டோவில் உனக்குப் புருவம் காதுவரை போகிறது. டிப்போ போட்டோவில் பாதியில் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். முகம் உப்பியிருக்கிறது. வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாய். உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறேன் என்று எழுதினாய், ஸ்பேனரை மறந்தேன் என்று எழுதினாய். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சொன்னதை நானும் நம்பிப் படித்துவிட்டுப் போய்விட்டேன். இது குடும்பத்தில் வருமாம், டாக்டரே சொன்னார். அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் புருவம் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவளையும் நான் சரி செய்துதான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

நாளைக்கே ரத்தம் கொடு. ரிப்போர்ட் வரும்வரை லிஃப்ட் குழிக்குள் இறங்காதே. இது அக்கா சொல்வது இல்லை, தொழில்காரி சொல்வது.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அக்காவுக்கு இப்போது எல்லார் முகத்திலும் தைராய்டு தெரிகிறது என்றேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டை விரலால் புருவத்தைத் தடவிப் பார்த்தாள். தடவிய விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. "ஒன்றரை வருஷமா தினம் இந்த மூஞ்சியிலதான் முழிக்கறேன்" என்றாள்.

ரிப்போர்ட் நேற்று வந்தது. உன்னுடையதைப் போலவே படுத்துவிட்டது. கண்ணுக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். டாக்டர் என் வேலை என்ன என்று கேட்டார். லிஃப்ட் குழியில் இறங்கி மேல் கூண்டைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வேன் என்றதும், எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஸ்பேனரை மறந்த நாளில், கூண்டை நகராமல் நிறுத்தி வைக்கிற ஸ்விட்சையும் நான் மறந்திருந்தேன். உனக்கு அதை எழுதவில்லை. நான் குழிக்குள் இருக்கும்போது கூண்டு தலைக்கு மேல் இரண்டடி இறங்கிய பிறகுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை, கண்டக்டரிடம்கூட. இன்றைக்குத்தான் சொன்னேன். மாத்திரை வேலை செய்கிற வரைக்கும் ஆபீஸில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கிறேன்.

டூல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியில் பசை ஒட்டிய தடம் மட்டும் சதுரமாக இருக்கிறது. உன் முகத்தில் குற்றம் பார்க்க அதைத் திறந்த ஒவ்வொரு நாளும், போட்டோவைச் சுற்றி மூடியின் பளபளப்பான தகடு, அதில் என் முகம் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். நான் பார்க்கவே இல்லை.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், கடிதத்தில் அது எடுபடவில்லை. நேரில் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் வருகிறோம். ஸ்டூலைத் துடைத்து வை, கம்ப்யூட்டரை அணைத்து வை. உன்னையும் என்னையும் உட்கார வைத்து எடுக்கப்போவது கண்டக்டர். எடுத்த படத்தை அப்படியே அந்த மூடியில் ஒட்டப் போகிறேன்.

நீ அதே மேஜையில் உட்கார்ந்து முறைப்பாய், அது குறைய மாதக்கணக்கில் ஆகும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். "முறைக்கட்டும்" என்றாள். "இந்தத் தடவை நான் முழுசா சாப்பிட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன்னு அண்ணிக்கு எழுதுங்க."

தம்பி